தானாக ஊறும் பெட்ரோல்

“ஏய், இங்க வா! பெட்ரோல் ஏறியிருக்கு!”

சனிக்கிழமை காலையில் வாசலிலிருந்து வந்த கூச்சலைக் கேட்டு, சமையலறையில் இருந்த மனைவி ஏதோ விலையைப் பற்றித்தான் பேச்சு என்று நினைத்துக்கொண்டாள்.

“எவ்வளவு?” என்றாள்.

“முக்கால்!”

ஈரக்கையைத் துடைத்தபடி வெளியே வந்தாள். கணவர் பைக்குக்கு முன்னால் நின்று, பெட்ரோல் மீட்டரின் கண்ணாடியில் மூக்கு இடிக்கிற அளவுக்குக் குனிந்திருந்தார்.

“வியாழக்கிழமை சாயங்காலம் நிறுத்தும்போது முள்ளு பாதிக்குக் கீழ நின்னுச்சு. என் கண்ணால பாத்தேன். இப்ப பாரு, முக்கால்ல நிக்குது. நடுவுல வண்டியை நான் தொடவே இல்ல. பெட்ரோல் தானா ஊறுறதுக்கு இது என்ன கிணறா?”

அவள் முள்ளைப் பார்த்தாள். பிறகு கணவரைப் பார்த்தாள்.

“மீட்டர் சரியாத்தாங்க இருக்கும். விடுங்க. டீ ஆறுது.”

“சரியா இருக்கா? டெக்னிகலா பாத்தா...”

அவ்வளவுதான். இனி டீ ஆறித்தான் போகும் என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது.

“டெக்னிகலா பாத்தா” என்று சொல்லாமல் அந்த மனிதர் எந்தப் பேச்சையும் தொடங்கியதில்லை. மழை வந்தாலும் டெக்னிகலாகப் பார்ப்பார், பல் வலித்தாலும் டெக்னிகலாகப் பார்ப்பார். அதனால் தெருவில் அவருக்கு டெக்னிகல் என்றே பெயர். கேலிக்கு வைத்த பெயர். அவரோ ஏதோ பட்டமளிப்பு விழாவில் வாங்கியது போல அதைக் கேட்கும்போதெல்லாம் நெஞ்சை நிமிர்த்திக்கொள்வார்.

இத்தனைக்கும் அவருடைய வேலை, ஒரு வாஷிங் மெஷின் கம்பெனியில் உட்கார்ந்து புகார்களுக்குப் போனில் பதில் சொல்வது. மெஷின் ஓடவில்லை என்று யாராவது அழுதால், “ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்க” என்பார். அப்படியும் ஓடவில்லை என்றால், “நீங்க தப்பா யூஸ் பண்ணியிருப்பீங்க” என்பார். இந்த இரண்டு வாக்கியங்களை வைத்துக்கொண்டே பாதி ஆயுளை ஓட்டிவிட்டார். ஒரு மெஷினின் பின்பக்கத்தைக்கூடத் திறந்து பார்த்தவர் இல்லை. வீட்டில் துணி துவைப்பது மனைவி, அதுவும் கையால்.

பைக் அவருடைய மாமனார் கொடுத்தது. முதுகு வலி வந்து இனிமேல் ஓட்ட முடியாது என்று ஆனதும், அவர் ஒருநாள் அதைக் கொண்டுவந்து வாசலில் நிறுத்தச் செய்து, சாவியை மகளிடம் நீட்டினார். டெக்னிகல் குறுக்கே கையை விட்டு வாங்கிக்கொண்டார். மாமனார் ஏதோ சொல்ல வாயெடுத்தவர், மாப்பிள்ளையின் முகத்தைப் பார்த்துவிட்டு, வந்த வார்த்தையை மென்று விழுங்கிவிட்டார்.

வண்டிக்கு வயதாகிவிட்டது. வேகம் காட்டும் மீட்டரின் கேபிள் என்றைக்கோ அறுந்துபோய், வண்டி எத்தனை கிலோமீட்டர் ஓடியது என்பது யாருக்கும் தெரியாமல் போயிருந்தது. ஹார்ன் சளி பிடித்தது மாதிரி ஒலிக்கும். முன்பக்கம் உயிரோடு அசைகிற ஒரே பொருள் பெட்ரோல் முள்தான். டெக்னிகல் வேலைக்குக் கம்பெனி வேனில் போய்வருவார். சாயங்காலம் முக்குக் கடைவரை போய்வரத்தான் பைக். அதற்கும் ஹெல்மெட், கையுறை எல்லாம் மாட்டிக்கொண்டு, நிலாவுக்குக் கிளம்புகிறவர் மாதிரி கிளம்புவார்.

கொஞ்ச நாளாகவே அந்த முள் அவரிடம் விளையாடியது. பாதியில் விட்டுப் போனால் முக்காலில் நிற்கும். முக்காலில் விட்டுப் போனால், மறுநாள் சாயங்காலம் கால்வாசி இறங்கியிருக்கும். திருட்டு என்று சொல்லலாம் என்றால், திருடன் எங்காவது பெட்ரோலைத் திருப்பிக் கொண்டுவந்து ஊற்றுவானா? ஆக, மீட்டருக்குத்தான் பைத்தியம் பிடித்திருக்கிறது என்று அவர் தீர்ப்பு எழுதிவிட்டார்.

“திங்கட்கிழமை முடியட்டுங்க” என்றாள் மனைவி. “அதுவரைக்கும் வண்டியில கை வைக்காதீங்க. உங்களைக் கையெடுத்துக் கும்பிடறேன்.”

திங்கட்கிழமை அவளுக்குப் பெரிய நாள். ஊருக்கு வெளியே நெடுஞ்சாலை ஓரத்தில் பெண்களுக்கென்றே நடக்கும் ஒரு பயிற்சிப் பள்ளியில் அவளுக்கு வேலை கிடைத்திருந்தது. சொல்லிக்கொடுக்கிற வேலை. பள்ளியை நடத்தும் அம்மாள் ரொம்பக் கறார். “காலைல பத்து மணிக்கு முதல் கிளாஸ். நீ வரலேன்னா, அடுத்த ஆளு ரெடியா இருக்கா” என்று முகத்துக்கு நேரே சொல்லிவிட்டாள். கல்யாணமாகி இத்தனை வருடத்தில் அவள் தனக்கென்று ஆசைப்பட்டது இந்த ஒன்றுதான். வேலை கிடைத்த அன்று குளியலறையில் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு சத்தம் வராமல் அழுதாள்.

என்ன பயிற்சி என்று டெக்னிகல் கேட்கவில்லை. பெண்களுக்குப் பெண்கள் சொல்லிக்கொடுப்பது தையலாகத்தான் இருக்கும் என்று அவரே முடிவு கட்டிவிட்டார். அவள் ஊசியில் நூல் கோர்த்து அவர் ஒருநாளும் பார்த்ததில்லை. அது அவருக்கு ஒரு பொருட்டாகவும் படவில்லை.

அந்தப் பக்கம் பஸ் கிடையாது. “நான் எப்படியாவது போய்க்குறேங்க, நீங்க வழக்கம்போல வேன்ல போங்க” என்று அவள் எவ்வளவோ சொல்லிப் பார்த்தாள்.

“எப்படிப் போவே? பறந்தா? நான் லீவு போட்டுட்டேன். நானே கொண்டுபோய் விடறேன். அதுக்குத்தான் சொல்றேன், இந்த மீட்டரை நம்பிக் கிளம்பி நடு ரோட்டுல நின்னா, உன் வேலை என்ன ஆவும்? உனக்காகத்தாண்டி இவ்வளவும்.”

“எனக்காகன்னா, தொடாம இருங்க. அப்புறம்... உங்ககிட்ட ஒரு விஷயம் சொல்லணும்.”

“டெக்னிகல் விஷயமா?”

“அப்படின்னு இல்ல...”

“அப்ப அப்புறம் சொல்லு” என்று ஸ்க்ரூடிரைவரை எடுத்துக்கொண்டு வந்துவிட்டார்.

முதல் சிகிச்சை, தட்டுவது. ஸ்க்ரூடிரைவரின் பிடியால் மீட்டர் கண்ணாடியில் டொக் டொக் என்று தட்டினார். முள் அசையவில்லை. ஓங்கித் தட்டினார். கண்ணாடியில் ஒரு கீறல் விழுந்தது. முள் துள்ளி, ஃபுல் என்று காட்டும் F வரைக்கும் போய், அங்கே நடுங்கிவிட்டு, தொபுக்கென்று காலி என்று காட்டும் E-யில் விழுந்து படுத்துக்கொண்டது.

“பாத்தியா! டெக்னிகலா பாத்தா, இப்பத்தான் உள்ள இருந்த நோவு வெளிய வருது.”

“தட்டுறதுக்கு முன்னாடி நல்லாத்தான இருந்துச்சு?”

“நீ தப்பா பாத்திருப்பே.”

எதிர்வீட்டு இன்சூரன்ஸ்காரர் கேட்டில் சாய்ந்துகொண்டு வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தார். பகலெல்லாம் வீட்டிலிருந்தே போனில் வேலை பார்ப்பவர். தெருவில் எது நடந்தாலும் அவர் கண்ணுக்குத் தப்பாது.

“என்ன சார் ரிப்பேர்?”

“தொடாத வண்டியில பெட்ரோல் தானா ஏறுது, தானா இறங்குது சார். மீட்டர்ல கோளாறு.”

இன்சூரன்ஸ்காரர் அவருடைய மனைவியைப் பார்த்தார். அவள் தரையைப் பார்த்தாள்.

“எதுக்கும் வீட்டுல ஒரு வார்த்தை கேட்டுக்குங்க சார்” என்றார் அவர்.

“இவளையா? இவளுக்கு என்ன சார் தெரியும், கிளட்ச் எது பிரேக் எதுன்னு?”

“அதுவும் சரிதான்” என்று இன்சூரன்ஸ்காரர் சிரிப்பை இருமலாக்கிக்கொண்டார். “சார், ஒரு ஆக்சிடென்ட் பாலிசி உங்களுக்கும் போட்டுடலாமே?”

அடுத்த சிகிச்சை, வயர். டெக்னிகல் போனில் ஒரு வீடியோவைப் போட்டு, செங்கல்லில் சாய்த்து வைத்தார். அதில் வேறு ஏதோ பைக்கை வேறு யாரோ நிதானமாகக் கழற்றிக்கொண்டிருந்தான். ஒரு வயரைக் கழற்றி, சோதித்து, திரும்ப மாட்டிவிட்டு அடுத்ததைத் தொடு என்று அவன் சொன்னான். அவ்வளவு பொறுமை யாருக்கு இருக்கிறது? டெக்னிகல் ஹெட்லைட்டுக்குப் பின்னால் கையை விட்டு, இருக்கிற வயரையெல்லாம் மொத்தமாகப் பிடுங்கிவிட்டார். பிடுங்கிய பிறகுதான் எது எங்கே இருந்தது என்ற கேள்வி வந்தது.

“சிவப்பு சிவப்போட சேரும். மிச்சமெல்லாம் அட்ஜஸ்ட் பண்ணிக்கும்” என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார்.

மிச்சமெல்லாம் நன்றாகவே அட்ஜஸ்ட் பண்ணிக்கொண்டது. பிரேக்கை அழுத்தினால் இடதுபக்க இண்டிகேட்டர் கண்ணடித்தது. ஹெட்லைட்டைப் போட்டால் ஹார்ன் அடித்தது. ஹார்னை அழுத்தினால் பெட்ரோல் முள் ஜம்மென்று F-க்கு ஏறியது, கையை எடுத்தால் இறங்கியது.

“ஹார்ன் அடிச்சா பெட்ரோல் ரொம்புது சார்! உலகத்துலயே இப்படி ஒரு வண்டி கிடையாது” என்று எதிர்வீட்டுக் கேட்டிலிருந்து பாராட்டு வந்தது.

டெக்னிகலுக்கு முகம் சிவந்துவிட்டது. “கோளாறு மேல இல்ல, உள்ள இருக்கு. டேங்கைக் கழட்டணும்.”

மனைவி ஓடிவந்தாள். “ஐயோ, வேண்டாங்க. சரி, கழட்டியே ஆகணும்னா, முதல்ல அந்தக் குழாயைத் திருகி மூடிட்டு, டியூபைப் பிடுங்குங்க.”

“உனக்கு யாரு சொன்னா இதெல்லாம்?”

“அப்பா செய்யறதைப் பாத்திருக்கேன்.”

“உங்கப்பா காலத்து டெக்னிக். தள்ளிப் போ.”

குழாயை மூடாமல் டியூபைப் பிடுங்கினார். பெட்ரோல் சீறிக்கொண்டு வந்து முகத்தில் அடித்தது. “பக்கெட்! பக்கெட்!” என்று அலறி, கைக்கு எட்டிய பக்கெட்டை இழுத்துப் பிடித்தார். அதில்தான் அவர் ஆபீஸ் சட்டைகள் ஊறிக்கொண்டிருந்தன. வாரம் முழுக்கப் போட்டுக்கொள்ள வேண்டிய சட்டைகள் அத்தனையும் சோப்புத் தண்ணீரோடு பெட்ரோலையும் குடித்தன. அவளே வந்து அவரைத் தள்ளிவிட்டு, ஒரே திருகில் குழாயை மூடினாள்.

“அதைத்தான் நானும் மூடப் போனேன்” என்றார் டெக்னிகல், கண்ணைக் கசக்கிக்கொண்டே.

இன்சூரன்ஸ்காரர் வீட்டுக்குள் ஓடிப்போய், ஜன்னலைச் சாத்திக்கொண்டு, கண்ணாடி வழியாக வேடிக்கையைத் தொடர்ந்தார்.

மிச்சப் பெட்ரோலை இன்னொரு பக்கெட்டில் வடித்த பிறகு டேங்க் இறங்கியது. அதன் அடியில் இருந்த மூடியை நெம்பி எடுத்தபோது, வளைந்த கம்பியின் நுனியில் ஒரு சின்ன மிதவை ஆடிக்கொண்டு வெளியே வந்தது. பெட்ரோல் ஏறினால் மிதவை ஏறும், முள்ளும் ஏறும். இறங்கினால் எல்லாம் இறங்கும். இவ்வளவுதான் சங்கதி. மிதவை நன்றாகத்தான் இருந்தது. பார்த்த மாத்திரத்திலேயே, இதில் ஒரு குற்றமும் இல்லை என்று விட்டுவிட்டிருக்க வேண்டியது.

டெக்னிகல் அதைக் கையில் வைத்து எடை பார்த்தார். உதட்டைப் பிதுக்கினார்.

“வெயிட்டே இல்ல. அதான் தானா மேல ஏறுது.”

“மிதக்கிறது வெயிட்டா இருந்தா எப்படிங்க மிதக்கும்?”

“இப்படிப் பேசித்தான் டெக்னிகலா நாம பின்தங்கிப் போயிட்டோம்” என்று சொல்லிவிட்டு, ஒரு இரும்பு நட்டை எடுத்து மிதவையோடு சேர்த்துக் கட்டினார். மிதவை இப்போது கல்லாக மூழ்கியது. எவ்வளவு பெட்ரோல் இருந்தாலும் இனி காலி என்றுதான் காட்டும். அதைச் சரிக்கட்ட, கம்பியை மேல்நோக்கி வளைத்தார். அது கொஞ்சம் அதிகமாக வளைந்துவிட்டது. திரும்பக் கீழே வளைத்தார். கடைசியில் கம்பி, தலைவலிக்காரன் தூங்குகிற மாதிரி ஒரு தினுசாகச் சுருண்டுகொண்டது.

இந்தக் களேபரத்தில் மூடிக்கு அடியில் இருந்த ரப்பர் வளையம் கிழிந்துபோனது. கடைக்குப் போய் வாங்கலாம். ஆனால் கடைக்குப் போவது தோல்வியை ஒப்புக்கொள்வது. டெக்னிகல் சுற்றுமுற்றும் பார்த்தார். வாசற்படியில், அட்டைப் பெட்டியிலிருந்து எடுத்து வைத்த புதுச் செருப்பு ஒரு ஜோடி பளபளவென்று இருந்தது. நல்ல தடிமனான ரப்பர்.

மனைவி வந்து பார்த்தபோது, இடதுகால் செருப்பின் குதிகாலில் வட்டமாக ஓட்டை விழுந்திருந்தது.

அவள் செருப்பைக் கையில் எடுத்து, ஓட்டை வழியாக வெளிச்சத்தைப் பார்த்தாள்.

“திங்கட்கிழமைக்கு வாங்கினதுங்க. முதல் நாளைக்கு.”

“அட, செருப்பு போனா போகுது. வண்டி முக்கியமா, செருப்பு முக்கியமா? பாரு, எவ்வளவு கச்சிதமா உக்காருது.”

அவளுக்குக் கண் கலங்கியது. அப்புறம் கோபம் வந்தது. “உங்களை மாதிரி ஒரு மனுஷனை நான் பாத்ததே இல்ல” என்றாள். அதையும் அவர் பாராட்டாகவே எடுத்துக்கொண்டார்.

ஞாயிற்றுக்கிழமை காலை, அவரைக் கேட்காமல் அவளே போய் மெக்கானிக்கைக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டாள். அவன் மட்டும் என்ன யோக்கியன்? வண்டியைச் சுற்றி வந்தான். உச்சுக் கொட்டினான். ஒரு கருமாதி வீட்டுக்கு வந்தவன் முகத்தோடு, “யாரு சார் கை வச்சது?” என்று கேட்டான்.

“ஏற்கெனவே இப்படித்தான் இருந்துச்சு” என்றார் டெக்னிகல்.

“மீட்டர் செத்துப்போச்சு சார். உங்களுக்காக எங்கிட்ட ஒண்ணு இருக்கு. வேற வண்டியோடது. ஆனா நம்ம வண்டிக்கே அளவெடுத்துத் தச்ச மாதிரி இருக்கும்.”

மாட்டினான். வயர்களைப் பிரித்து மறுபடி இணைத்தான். ஹார்ன் ஹார்னாக அடித்தது, லைட் லைட்டாக எரிந்தது. மிதவையிலிருந்த நட்டையும் எடுத்துப் போட்டான், கம்பியையும் நிமிர்த்தினான். ஆனால் செருப்பு வளையத்தைப் பார்த்து, “இதுவே நல்லாத்தான் இருக்கு” என்று விட்டுவிட்டான். புது வளையம் வாங்கக் கடைக்குப் போக அவனுக்கும் சோம்பல். இன்னொரு பக்கெட்டில் வடித்து வைத்திருந்த பெட்ரோலை வடிகட்டி டேங்கில் ஊற்றினார்கள். ஊற்ற ஊற்ற முள் E-யை நோக்கி இறங்கியது.

“என்னப்பா, தலைகீழா காட்டுது?” என்றார் டெக்னிகல்.

“அதுல என்ன சார்? E-ன்னா ஃபுல், F-ன்னா காலி. மனசுக்குள்ள திருப்பிப் போட்டுக்குங்க. நீங்க டெக்னிகலான ஆளு, உங்களுக்குத் தெரியாததா?”

இந்த ஒரு வார்த்தையில் டெக்னிகல் குளிர்ந்துபோய் அவனை அனுப்பிவிட்டார். அனுப்பிவிட்டு, கொஞ்ச நேரம் யோசித்தார். மனசுக்குள் திருப்பிப் போடுவதைவிட வயரைத் திருப்பிப் போட்டால் என்ன? போட்டார். முள் எங்கோ நகர்ந்தது. சரியாக வந்துவிட்டதா, இல்லை இரண்டு முறை திருப்பியதில் ஆரம்பித்த இடத்துக்கே போய்விட்டதா என்று குழப்பம் வந்தது. இன்னொரு முறை திருப்பினார். இப்போது எத்தனை முறை திருப்பினோம் என்பதே மறந்துபோனது.

“மூடியைத் திறந்து உள்ள எட்டிப் பாத்தா தெரிஞ்சிடப் போகுது” என்றாள் மனைவி.

“எட்டிப் பாக்கறது படிக்காதவன் வேலை. அதுக்கெதுக்கு மீட்டர்?”

“என்னங்க, இப்பவாவது நான் சொல்ல வந்ததைக் கேளுங்க. அந்த முள்ளு ஏறுறது இறங்குறது எல்லாம்...”

“அதெல்லாம் முடிஞ்சுபோச்சு. சரி பண்ணியாச்சு. ஆஃப் பண்ணி ஆன் பண்ணியாச்சு. போய் வேலையைப் பாரு.”

அவள் தலையில் அடித்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். செருப்பு வளையத்தின் ஓரத்தில் ஒரு சொட்டு பெட்ரோல் திரண்டு, யோசித்து, கீழே விழுந்தது. இன்னொன்று திரண்டது. அதை யாரும் பார்க்கவில்லை.

திங்கட்கிழமை காலை முள் F-இல் கம்பீரமாக நின்றது.

“ஃபுல் டேங்க்!” என்று கையைத் தட்டினார் டெக்னிகல். அவர் போட்டிருந்த சட்டை பெட்ரோல் பங்க் மாதிரி மணத்தது.

மனைவி கிளம்பி வந்தாள். சுடிதார் போட்டு, துப்பட்டாவை இடுப்பில் இறுக்கிக் கட்டியிருந்தாள். காலில் பழைய கேன்வாஸ் ஷூ. தலையில் ஒரு ஹெல்மெட்.

“இது என்ன கோலம்? தையல் டீச்சரா லட்சணமா ஒரு புடவை கட்டக்கூடாதா?”

“செருப்புதான் இல்லையே. ஷூவுக்கு இதுதான் சரியா வரும்.”

“ஹெல்மெட் ஏது?”

“அப்பாவோடது. கிளம்புங்க, நேரமாகுது.”

எதிர்வீட்டுக்காரர் கேட்டில் நின்று கையசைத்தார். அவளைப் பார்த்து, “ஆல் தி பெஸ்ட்மா” என்றார். டெக்னிகல்தான் தலையாட்டி அதை ஏற்றுக்கொண்டார்.

ஊரைத் தாண்டி நெடுஞ்சாலையில் ஏறும்வரை எல்லாம் ஒழுங்காகவே இருந்தது. டெக்னிகல் பின்னால் திரும்பித் திரும்பி, மீட்டர் சாஸ்திரத்தைப் பற்றிக் கத்திக்கொண்டே வந்தார். “முன்னாடி பாத்து ஓட்டுங்க, கியரை மாத்துங்க, இஞ்சின் திணறுது” என்று அவள் பல்லைக் கடித்துக்கொண்டே சொன்னாள். திடீரென்று வண்டி ஒரு விக்கல் விக்கியது. இன்னொரு விக்கல். அப்புறம் உருண்டு உருண்டு ஓரமாக நின்றுவிட்டது. வீடும் இல்லை, மரமும் இல்லை, லாரிகள் மட்டும் புழுதியை வாரி இறைத்துக்கொண்டு போயின.

டெக்னிகல் மீட்டரைப் பார்த்தார். முள் F-இல் நின்றது. உதைத்தார். கிக்கரை உதைத்துக்கொண்டே இருந்தார். வியர்த்துக் கொட்டியது.

“பெட்ரோல் தீந்துபோச்சுங்க” என்றாள்.

“ஃபுல்னு காட்டுது, தீந்துபோச்சாம். கோளாறு வேற எங்கயோ.”

“அப்போ ரிசர்வ்ல போடுங்க, அடியில கொஞ்சம் மிச்சம் இருக்கும்.”

“முள்ளு E-யில இருந்தாத்தான் ரிசர்வ். F-ல நிக்கும்போது ரிசர்வ் போட்டா, டெக்னிகலா பாத்தா...”

“மணி ஒன்பதரை ஆச்சுங்க!” என்று கத்தினாள். “பத்து மணிக்கு நான் அங்க நிக்கலேன்னா அவ்வளவுதான். எத்தனை நாளா இதுக்குப் பாடுபட்டேன்னு உங்களுக்குத் தெரியுமா?”

தெரியாது. அவர் கேட்டதே இல்லையே.

“தள்ளிப் பாப்போம், ஸ்டார்ட் ஆயிடும்” என்றார். தள்ளுவது என்றால் அவள் தள்ளுவது. அவர் மேலே உட்கார்ந்து பேலன்ஸ் பார்ப்பது. “இன்னும் வேகமா! இன்னும்!” என்று உற்சாகமூட்டிக்கொண்டே வந்தார். கொஞ்ச தூரம் தள்ளியவள் மூச்சிரைத்து நின்றாள். அப்புறம் சுற்றிக்கொண்டு வந்து, குனிந்து, டேங்குக்கு அடியில் கையை விட்டு, பார்க்காமலே குழாயைத் திருகி ரிசர்வில் போட்டாள்.

“இப்ப உதைங்க.”

உதைத்தார். வண்டி உறுமிக்கொண்டு கிளம்பியது.

“பாத்தியா! தள்ளினதுல அடைப்பு எடுத்துக்கிச்சு” என்றார் டெக்னிகல்.

அவள், “அந்த வளைவு தாண்டி இடதுபக்கம் ஒரு பங்க் இருக்கு, அங்க விடுங்க” என்று மட்டும் சொன்னாள். இந்தப் பக்கமே வராதவளுக்குப் பங்க் இருப்பது எப்படித் தெரியும் என்று கேட்கத் தோன்றாத அளவுக்கு அவர் தன் வெற்றியில் மூழ்கியிருந்தார். பங்க்குக்குள் நுழையும்போது அவள் ஹெல்மெட்டின் கண்ணாடியைச் சட்டென்று இறக்கிவிட்டுக்கொண்டாள்.

பெட்ரோல் போடும் பெண் ஒரு சிரிப்போடு வந்தாள். மூடியைத் திறந்து எட்டிப் பார்த்தாள். “சொட்டுகூட இல்லயே சார்!”

“மீட்டர் ஃபுல்னு காட்டுதும்மா.” டெக்னிகல் தொண்டையைச் செருமிக்கொண்டார். கேட்க ஒரு புது ஆள் கிடைத்தால் விடுவாரா? “உனக்கு ஒரு அதிசயம் சொல்றேன், கேளு. இந்த வண்டி பகல் பூரா வீட்டுலயே நிக்குது. நானோ வேன்ல வேலைக்குப் போயிடறேன். ஒருத்தரும் தொடறதில்ல. ஆனா சாயங்காலம் வந்து பாத்தா, ஒருநாள் பெட்ரோல் ஏறியிருக்கு, ஒருநாள் இறங்கியிருக்கு. டெக்னிகலா பாத்தா இதுக்கு ஒரே காரணம்தான் இருக்க முடியும்...”

“சார், லேட்டாயிடுச்சு, போலாம்” என்றது பின்னால் ஹெல்மெட்டுக்குள்ளிருந்து ஒரு மெல்லிய குரல். அவள் அவரைச் ‘சார்’ என்று கூப்பிட்டது அவர் காதில் விழவில்லை.

பெட்ரோல் போட்டுக்கொண்டிருந்த பெண் அந்தக் குரலைக் கேட்டு நிமிர்ந்தாள். பைக்கை ஒருமுறை பார்த்தாள். ஹெல்மெட்டைப் பார்த்தாள். கேன்வாஸ் ஷூவைப் பார்த்தாள். முகமெல்லாம் மலர்ந்துவிட்டது.

“அட, அக்கா நீங்களா! எப்பவும் நீங்கதான ஓட்டிக்கிட்டு வந்து பெட்ரோல் போடுவீங்க, இன்னிக்கு என்ன பின்னாடி உக்காந்திருக்கீங்க? பைக் ஓட்டக் கத்துக்குடுக்குற ஸ்கூல்ல இன்னிக்குத்தான டீச்சரா சேரணும்னு சொன்னீங்க, போற வழியிலேயே ஒரு ஸ்டூடண்டைப் புடிச்சிட்டீங்களா?”